வானத்துப் பயணிகளின் நேரமும் தூரமும்
ஆரியபட்டர் வாழ்வும் கணக்கும்

தாம் பிறந்த ஆண்டையே ஒரு கணக்காக விட்டுச் சென்ற பெரியார் ஒருவர் நம் பாரத நாட்டில் வாழ்ந்தார். தந்தை பெயரையோ தாயார் பெயரையோ அவர் எழுதி வைக்கவில்லை. கலியுகத்தில் அறுபது ஆண்டுகள் அறுபது முறை கழிந்தபோது தமக்கு வயது இருபத்து மூன்று என்பதை மட்டும் ஒரு செய்யுளில் பொதிந்து வைத்தார். மாணவச் செல்வங்களே, கணக்கிட்டுப் பாருங்கள். அறுபதை அறுபதால் பெருக்கினால் 3600. கலியுகம் கி.மு. 3102இல் தொடங்கியதாகக் கொள்வது மரபு. கி.மு.வுக்கும் கி.பி.க்கும் இடையில் சுழிய ஆண்டு என ஒன்று இல்லாமையால் 3600இலிருந்து 3101ஐக் கழிக்க வேண்டும், வருவது கி.பி. 499. அதில் 23ஐக் கழித்தால் 476. ஆரியபட்டர் பிறந்த ஆண்டு அதுவே. பண்டைக்கால அறிஞர்களுள் பிறந்த ஆண்டு இவ்வளவு திட்டமாகத் தெரிந்தவர் மிகச் சிலரே.

குசுமபுரத்தில் போற்றப்பெற்ற அறிவையே தாம் உரைப்பதாக அவர் தம் நூலில் குறிப்பிடுகின்றார். குசுமபுரம் என்பது கங்கைக் கரையிலுள்ள பாடலிபுத்திரம், இன்றைய பாட்னா, என்று கி.பி. 629இல் அவர் நூலுக்கு உரை வரைந்த முதலாம் பாஸ்கரர் விளக்குகின்றார். அவ்வுரையாசிரியரே ஆரியபட்டரின் நூலை அசுமக நாட்டாரின் நூல் என்றும் அழைப்பதால், அவர் நருமதைக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட நாட்டில் பிறந்து வடக்கே சென்று வாழ்ந்தவர் எனக் கருதுவோர் பலர். இலாடதேவர், பாண்டுரங்கசுவாமி, நிச்சங்கு என மாணவர் மூவரின் பெயரும் நமக்குக் கிடைத்துள்ளன. ஆகவே அவர் நூலாசிரியர் மட்டுமல்லர், நம்மைப் போல் பாடஞ்சொல்லிக் கொடுத்தவரும் ஆவார்.

அவர் இயற்றிய ஆரியபட்டீயம் 121 செய்யுள்களே கொண்ட சிறுநூல். அதில் கணிதத்துக்கென ஒதுக்கப்பட்டவை 33 மட்டுமே. எண்களை எழுத்துகளாக மாற்றிச் செய்யுளுக்குள் அடக்கும் முறையொன்றைத் தாமே வகுத்துக்கொண்டார். வட்டத்தின் விட்டம் 20,000 ஆயின் சுற்றளவு 62,832 என்றும், அதுவும் அண்ணளவே என்றும் அவர் கூறியதைப் பள்ளிப் புத்தகங்கள் மறவாமல் சொல்கின்றன. 3.1416 என நாம் பயன்படுத்தும் அளவு அதுதான். ஆனால் அந்த 33 செய்யுள்களுள் நம் மாணவர்களுக்கு நேரே பயன்படும் வேறு சில உள. மூன்று அளவுகள் தெரிந்தால் நான்காவதைக் காணும் விதி ஒன்று, பின்னங்களைப் பெருக்கவும் வகுக்கவும் சமப்படுத்தவும் வழி ஒன்று, வட்டிக்கணக்கு ஒன்று. அவற்றை அடுத்து, வழியிலே செல்லும் இருவர் எப்போது சந்திப்பர் என்பதற்கும் ஒரே செய்யுளில் விதி தந்திருக்கின்றார். எதிரெதிராக வருபவராயின் இடைத்தூரத்தை வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரே திசையில் செல்பவராயின் வேகங்களின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவே.

நம் நகரத்துச் சுற்று ரயில் பாதையை எடுத்துக்கொள்வோம். யாங்கோன் மத்திய நிலையத்திலிருந்து இன்செயின் வழியாகச் சுற்றி மீண்டும் அங்கேயே வந்து சேரும் அப்பாதையின் நீளம் ஏறக்குறைய 46 கிலோமீற்றர். ஒரு வண்டி முழுச்சுற்றை 3 மணித்தியாலத்திலும் மற்றொன்று 2½ மணித்தியாலத்திலும் முடிப்பதாகவும், இரண்டும் ஒரே வேளையில் எதிரெதிர்த் திசையில் புறப்படுவதாகவும் வைத்துக்கொள்வோம். அவை எப்போது சந்திக்கும்?

இவ்விடத்தில் மாணவர் பலர் 3ஐயும் 2½ஐயும் கூட்டிவிடுவர். அல்லது 46ஐத் தேடி ஓடுவர். 46 இங்கே தேவையே இல்லை. வேகம் என்பது ஒரு பின்னம் என்பதை மனத்தில் இருத்தினால் போதும். மெதுவான வண்டி ஒரு மணித்தியாலத்தில் பாதையின் 1/3 பங்கு போகும். விரைவான வண்டி 2/5 பங்கு போகும். இரண்டும் சேர்ந்து ஒரு மணித்தியாலத்தில் 11/15 பங்கு. எனவே முழுப்பாதையையும் சேர்ந்து கடக்க 15/11 மணித்தியாலம், அதாவது 1 4/11 மணித்தியாலம். ஏறக்குறைய 1 மணி 22 நிமிடம். அப்போது விரைவான வண்டி 6/11 பங்கும் மெதுவான வண்டி 5/11 பங்கும் வந்திருக்கும். கூட்டிப் பாருங்கள், முழுச்சுற்று வந்துவிடும்.

இரண்டும் ஒரே திசையில் புறப்பட்டால் என்ன? ஒரு மணித்தியாலத்தில் விரைவான வண்டி முந்துவது 2/5இலிருந்து 1/3ஐக் கழித்த 1/15 பங்கு. ஆகவே 15 மணித்தியாலம் கழித்தே அது மற்றதை ஒரு முழுச்சுற்று முந்திப் பின்னால் வந்து பிடிக்கும். விரைவானது ஆறு சுற்றும் மெதுவானது ஐந்து சுற்றும் முடித்த அதே நொடியில், புறப்பட்ட நிலையத்திலேயே இது நிகழும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பின்னம் நம் முன்னோருக்கு அச்சந்தரும் பொருளாக இருந்ததில்லை. மொகல் தெருவில் கிட்டங்கி வைத்திருந்த செட்டியார்களின் கணக்கப்பிள்ளைகள் மா, காணி, முந்திரி என்று 1/20, 1/80, 1/320 வரையில் மனத்திலேயே கணக்கிட்டு வட்டி எழுதினர். வட்டியும் ஒரு வேகமே. காலம் நடக்க நடக்கப் பணம் நடக்கும் வேகம். அந்தப் பரம்பரையில் வந்த பிள்ளை 2/5ஐக் கண்டு கைக்கணிப்பானைத் தேடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

வண்டிகளும் வழிப்போக்கரும் இல்லாத ஒரு வானநூலில் ஆரியபட்டர் இவ்விதியை ஏன் வைத்தார்? அவர் எண்ணியது வானத்துப் பயணிகளை. சூரியனும் சந்திரனும் கோள்களும் ஒரே வட்டப்பாதையில் வெவ்வேறு வேகத்தில் செல்லும் வண்டிகள் என்றே அவர் கணக்கு அமைந்தது. 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு மகாயுகத்தில் சந்திரன் 5,77,53,336 சுற்றுகள் செல்வதாக அவர் கொண்டார். சூரியன் ஆண்டுக்கு ஒரு சுற்றாக 43,20,000 சுற்றுகள். ஒரே திசையில் செல்வதால் கழிக்க வேண்டும். 5,34,33,336 முறை சந்திரன் சூரியனை எட்டிப் பிடிக்கிறது. அவ்வாறு பிடிக்கும் வேளையைத்தான் நாம் அமாவாசை என்கிறோம். ஒரு யுகத்தின் நாள்களை இந்த எண்ணால் வகுத்தால் ஓர் அமாவாசையிலிருந்து அடுத்ததற்கு 29 நாள் 12 மணி 44 நிமிடம் 2 வினாடி என வரும். இன்றைய வானியலார் கூறும் சராசரி அளவுக்கும் இதற்கும் ஒரு வினாடி வேறுபாடுகூட இல்லை.

இவ்வளவு பெரிய எண்கள் வேண்டாம் என்போர், சந்திரன் சுற்ற 27 1/3 நாள், சூரியன் சுற்ற 365 1/4 நாள் என்று எடுத்து, சுற்று ரயில் கணக்கைப் போலவே செய்து பார்க்கலாம். 3/82இலிருந்து 4/1461ஐக் கழித்து, வரும் பின்னத்தைத் தலைகீழாக்குங்கள். இருபத்தொன்பதரை நாளுக்குச் சற்று மேலாக வரும். அந்த மாதத்தின் முப்பதில் ஒரு பங்கே திதி. கோயிலில் திதி கேட்டு வரும் பாட்டிமார் அறியாமலே இப்பின்னத்தைத்தான் கேட்கின்றனர்.

இனி அவருடைய வாழ்வில் மிகத் துணிவான கருத்துக்கு வருவோம். பன்சொடான் துறையிலிருந்து தலாவுக்குப் படகில் சென்றிருப்பீர்கள். படகு முன்னே செல்லும்போது கரையிலுள்ள கட்டடங்கள் பின்னே நகர்வதாகத் தோன்றும். ஆரியபட்டர் இதே உவமையைக் கூறினார். படகில் செல்பவனுக்கு அசையாத பொருள்கள் பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றுவது போலவே, அசையாத விண்மீன்கள் மேற்கு நோக்கிச் செல்வதாக நமக்குத் தோன்றுகின்றன என்றார். சுழல்வது வானமன்று, நாம் நிற்கும் பூமியே என்பது இதன் பொருள். வெறும் உவமையோடு நிற்கவில்லை, வேகத்தையும் சொன்னார். ஓர் ஆரோக்கியமான மனிதன் ஒருமுறை மூச்சுவிடும் நேரத்தைப் பிராணன் என்பர். ஒரு நாளில் 21,600 பிராணன்கள். ஒரு வட்டத்தில் 360 பாகைகள், பாகைக்கு 60 கலைகள். ஆக 21,600 கலைகள். ஒரு மூச்சுக்கு ஒரு கலை வீதம் பூமி சுழல்கிறது. இதைவிட அழகான வேகக் கணக்கை நான் அறியேன்.

ஒரு மகாயுகத்தில் பூமி 158,22,37,500 முறை சுழல்வதாகவும் அவர் எண் தந்தார். அதிலிருந்து சூரியனின் 43,20,000 சுற்றுகளைக் கழித்தால் 157,79,17,500 நாள்கள். இங்கும் அதே விதி, ஒரே திசையில் செல்லும் இருவர். விண்மீன்களை வைத்துப் பார்க்கையில் பூமி ஒருமுறை சுழலும் நேரம் 23 மணி 56 நிமிடம் 4 வினாடி என இக்கணக்கிலிருந்து கிடைக்கிறது. இன்றைய அளவும் அதுவே.

இக்கருத்து அவர் நாட்டிலே ஏற்கப்படவில்லை. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், பூமி சுழன்றால் பறந்து சென்ற பருந்து தன் கூட்டை எவ்வாறு மீண்டும் அடையும் என்று வினவினார். கி.பி. 628இல் பிரமகுப்தர், சுழலும் பூமியில் உயர்ந்து நிற்பன ஏன் விழவில்லை என்று கேட்டார். இவை அறிவீனமான வினாக்கள் அல்ல. ஓடும் படகில் மேலே எறிந்த பந்து ஏன் கைக்கே திரும்புகிறது என்பதை விளக்க உலகம் கலிலியோ காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயினும் எதிர்த்தவர்களைவிட ஆரியபட்டரைப் போற்றியவர்களே அவருக்கு அதிக ஊறு செய்தனர் என்பேன். மூச்சுக்கு ஒரு கலை சுழல்வது பூமி என்றிருந்த இடத்தில், ஒரு சிறு எழுத்து மாற்றத்தால் விண்மீன் கூட்டம் சுழல்வதாகப் பாடம் மாற்றப்பட்டது. படகு உவமைக்கு அடுத்த செய்யுள் காற்றினால் விண்மீன்கள் செலுத்தப்படுவதாகக் கூறுவதைப் பற்றிக்கொண்டு, உரையாசிரியர்கள் முன்னதை வெறும் தோற்றமென விளக்கினர். பழைய பாடம் பூமி என்பதே என்று நாம் எப்படி அறிகிறோம்? அவரை மறுக்கப் புகுந்த பிரமகுப்தர் அவ்வரியை உள்ளபடியே எடுத்தாண்டிருந்தார்! அதே பிரமகுப்தர் முதுமையில், 665இல், கண்டகாத்தியகம் என்னும் கணக்கு நூலை ஆரியபட்டரின் அளவுகளைக் கொண்டே எழுதினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கிரகணத்தை இராகு விழுங்குவதாகக் கொள்ளாமல், சந்திரன் சூரியனை மறைப்பதும் பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுவதுமே என்று அவர் கணக்கிட்டார். நிழலின் நீளமும் அகலமும் தெரிந்து, சந்திரன் செல்லும் வேகமும் தெரிந்தால், கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது மீண்டும் தூரத்தை வேகத்தால் வகுக்கும் கணக்கே.

இவர் கணக்கு நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த வழியைப் பாருங்கள். மகாயுகத்து நாள்களை ஆண்டுகளால் வகுத்தால் ஓர் ஆண்டுக்கு 365 149/576 நாள். நாழிகையில் சொன்னால் 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் வழங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டளவு எழுத்துக்கு எழுத்து இதுவே. ஆரியபட்டர் இயற்றிய இன்னொரு நூல் மறைந்துவிட்டது. அதில் நாள் நள்ளிரவில் தொடங்கியது. ஆண்டளவு 365 207/800 நாள். அவ்வளவைப் பிரமகுப்தரின் கண்டகாத்தியகமும் பழைய சூரிய சித்தாந்தமும் காத்து வைத்தன. நாம் வாழும் இம்மியான்மர் நாட்டின் பழங்கணிதத்தில் 800 ஆண்டுக்கு 2,92,207 நாள் என்று ஒரு விதி உண்டு. வகுத்துப் பாருங்கள், அதே அளவு! சித்திரைப் புத்தாண்டும் இந்நாட்டுத் தண்ணீர்ப் பண்டிகையும் ஏப்ரல் நடுவில் அடுத்தடுத்து வருவதன் காரணம், இரண்டும் விண்மீன்களைக் கொண்டு அளந்த இந்தியச் சூரிய ஆண்டின் வழி வந்தமையே. தமிழாண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் வேறுபாடு எவ்வளவு? 207/800இலிருந்து 149/576ஐக் கழிக்க வேண்டும். பொதுப் பகுதி 14,400. மேலே 3726இலிருந்து 3725 போக 1. ஒரு நாளின் 14,400இல் ஒரு பங்கு. அதாவது ஆறே வினாடி.

இன்றைய அளவோடு பார்த்தால் வாக்கிய ஆண்டு ஏறக்குறைய 3 1/3 நிமிடம் மிகை. 432 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். தொலைநோக்கி இல்லாத காலத்தில் அது குறையாகாது. ஆனால் பிழையைத் திருத்த வேண்டுமானால் கணக்கின் உட்பொருள் தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் நாம் கவலைப்பட ஒரு செய்தி இருக்கிறது. வாக்கிய முறையில், சந்திரனின் நாளொன்றுக்கான நிலைகளை 248 சிறு வாக்கியங்களாக எழுத்தெண்ணில் அமைத்து மனனஞ் செய்தனர். பூமிக்கு மிக அருகே வரும் இடத்திலிருந்து மீண்டும் அவ்விடத்துக்குச் சந்திரன் 248 நாளில் ஒன்பது முறை வரும், முறைக்கு 27 5/9 நாள், என்ற பின்னமே அதன் அடிப்படை. 1825இல் ஜான் வாரன் என்னும் படையதிகாரி தம் காலசங்கலிதம் என்னும் நூலில், புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதினார். அவர் தாளும் எழுதுகோலும் இன்றி, தரையில் சோகிகளை அடுக்கியும் மனனஞ் செய்த வாக்கியங்களைக் கொண்டும் அவ்வாண்டின் சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரம் சில நிமிடமே பிழைத்தது. முடிவு நேரம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைய விலகியது. எவ்வளவு வியப்பான ஆற்றல்! ஆயின் தாம் செய்யும் ஒவ்வொரு படியும் எதற்காக என்பதை அக்கணிதர் அறியார் என்றும் வாரன் குறித்தார். விதி தப்பாமல் வந்து சேர்ந்தது. விதியைக் கண்டவனின் காரணம் வழியில் எங்கோ தங்கிவிட்டது.

ஊரில் பள்ளி ஆசிரியனாக இருந்த நாளிலும், இடம்பெயர்ந்து இங்கு வந்து ஞாயிறு வகுப்பெடுக்கும் இந்நாளிலும் இதையே காண்கிறேன். தூரம், வேகம், நேரம் என்று முக்கோணம் வரைந்து விரலால் மறைத்து விடை சொல்லும் பிள்ளை, இரண்டாவது வண்டி வந்தவுடன் நின்றுவிடுகிறது. மூட்டை முடிச்சோடு நடந்து வந்தவனுக்குத் தெரியும்: மூன்று கல் தூரம் என்பது ஒன்றும் சொல்லவில்லை, ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பங்கு கடப்போம் என்பதே செய்தி. பெற்றோர்கள் விடையைப் பாராமல், அந்தப் பின்னம் எதைக் குறிக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

ஆரியபட்டர் எப்போது, எங்கே காலமானார் என்பதற்குச் சான்று இல்லை. ஆரியபட்டீயம் தென்னாட்டு, குறிப்பாக மலையாள நாட்டு, ஏடுகளில் பேணப்பட்டது. 1874இல் கெர்ன் என்னும் டச்சு அறிஞர், பரமேசுவரர் உரையோடு அதனை ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் அச்சேற்றினார். 1975 ஏப்ரல் 19 அன்று இந்தியா செய்த முதற் செயற்கைக்கோள் சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பட்டது. அதற்கு இவர் பெயரே இடப்பட்டது. எடை 360 கிலோ. மின்வழங்கலில் ஏற்பட்ட கோளாற்றால் அதன் ஆய்வுகள் சில நாளில் நின்றன; ஆயினும் அது 1992 வரை வானில் சுற்றிக்கொண்டிருந்தது.

மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஒரு கணக்கு. அச்செயற்கைக்கோள் பூமியை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 96 நிமிடம் எடுத்தது. அது நிலநடுக்கோட்டின் மேலேயே கிழக்கு நோக்கிச் சென்றதாக எளிமைக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஆரியபட்டர் சொன்னபடி கீழே பூமியும் கிழக்கு நோக்கி 1436 நிமிடத்துக்கு ஒருமுறை சுழல்கிறது. ஒரே திசையில் இருவர். நிலநடுக்கோட்டில் நிற்கும் ஒருவரின் தலைக்கு மேலே வந்த செயற்கைக்கோள், மீண்டும் அவர் தலைக்கு மேலே வர எத்தனை நிமிடம் ஆகும்? 96 என்று எழுதுவோருக்கு மதிப்பெண் இல்லை. விழா முடிந்து வரும் முதல் வகுப்பில் விடையைக் கேட்பேன்.